தாண்டியைத் தாண்டினால் பெட்ரோல் இல்லை: ஜிப்ஸியில் லே வரை

மணாலியில் இருந்து லடாக்கின் லே போகும் வழியில் தாண்டி என்றொரு ஊர். பெயருக்கேற்ப, நான் போனபோது அதைத் தாண்டினால் நெடுந்தூரம் பெட்ரோல் கிடையாது. அங்கே பலகையே வைத்திருந்தார்கள்: அடுத்த பங்க் 365 கிலோமீட்டர். நெடும்பயணத்துக்கு எந்த ஃபோர் வீல் டிரைவ் வாங்கலாம் என்று கேட்பவர்கள் குதிரைசக்தி பேச ஆரம்பித்தாலே எனக்கு அந்தப் பலகைதான் ஞாபகம் வரும்.

என்னுடையது 2012 மாடல் மாருதி ஜிப்ஸி, கோவையில் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. 1,298 சிசி பெட்ரோல் இன்ஜின். 1985-ல் வந்த வண்டி, இன்ஜின் மாறினாலும் தோற்றம் கடைசி வரை பெரிதாக மாறவே இல்லை. என்னுடையதில் ஏசி, ஏர்பேக், பவர் ஸ்டீயரிங் எதுவும் கிடையாது. 80-க்கு மேல் போனால் பக்கத்து சீட்டில் பேசுவது கேட்காது. ஆறு நாள் ஓட்டி மணாலி சேர்ந்தபோது மனைவி அந்த வண்டியைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

மலை ஏறியதும் கதை வேறு. எடை ஏறக்குறைய 1,000 கிலோதான். ஜிங்ஜிங்பார் பக்கம் மதியத்துக்கு மேல் பனி உருகி ரோட்டிலேயே ஓடையாகப் பாயும். ஃபோர் லோ (நாலு சக்கரமும் மெதுவாக, அதிக இழுவையோடு சுற்றும் கியர்) போட்டு முதல் கியரில் விட்டேன். ஆட்டுக்குட்டி மாதிரி கல்லுக்குக் கல் தாவி அக்கரை ஏறிவிட்டது.

சர்ச்சுவுக்கு முன்னால், பின்சக்கரத்துக்கு மேல் வண்டியைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டைகளில் ஒன்று உடைந்தது. தப்பு என்னுடையது, கேரியரில் அவ்வளவு ஏற்றியிருந்தேன். பின்னால் வந்த லாரி டிரைவர் இறங்கி, குனிந்து பார்த்துச் சிரித்தார். அவர் லாரியிலும் அதே பட்டைதானே! டூல் பாக்ஸில் இருந்து ஒரு கிளாம்ப் எடுத்து, டியூப் ரப்பரைச் சுற்றி இறுக்கினார். அரை மணி நேரம். காசு வாங்கவில்லை, டீ மட்டும் குடித்தார்.

கூட வந்த நண்பருடையது புத்தம்புது டீசல் வண்டி, கம்பெனி பெயர் வேண்டாம். புகை வடிகட்டி விளக்கு எரிந்து இன்ஜின் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டது. அந்த லாரி டிரைவரால் அதில் என்ன செய்ய முடியும்? லேயில் கோளாறைக் கண்டுபிடிக்கும் ஸ்கேனர் மாட்டும் வரை 30-ல் உருட்டினார், பாவம்.

டேங்க் 40 லிட்டர். சுமையோடு மலையில் லிட்டருக்கு 8 கிடைத்தது. அதாவது 320, பலகை சொன்னதோ 365. ஆகவே 20 லிட்டர் கேன் இல்லாமல் ஏறக்கூடாது. பாங் என்ற இடத்தில் கேன் மூடியைத் திருகியபோது புஸ்ஸென்று ஆவி அடித்தது. உயரத்தில் கேன் உப்பிவிடும். மெல்லத் திறவுங்கள், பக்கத்தில் பீடி பிடிப்பவரை முதலில் விரட்டுங்கள். 5,300 மீட்டருக்கு மேலே டாங்லாங் லா கணவாயில் காற்று பாதியளவுதான் என்பதால் இரண்டாம் கியரில் ஊர்ந்தோம். ஆனாலும் நிற்கவில்லை.

ஜிப்ஸி இப்போது பழையதுதான் கிடைக்கும். பெயின்ட் பளபளப்பில் மயங்காமல் அடியில் படுத்து, சேஸிஸில், அதாவது அடிச்சட்டத்தில், பட்டை மாட்டும் இடத்தைத் துரு இருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள். புதுசுதான் வேண்டுமென்றால் 2023-ல் வந்த மாருதி ஜிம்னி இருக்கிறது: லோ கியர், ஏசி, ஏர்பேக் எல்லாம் உண்டு. டேங்க் அதிலும் 40 லிட்டர்தான், கேனை மறக்க வேண்டாம்.

மறுபடி போகலாமா என்று மனைவியிடம் கேட்டேன். "நீங்க ஓட்டிட்டு வாங்க. நான் பிளேன்ல லேக்கு வந்துடறேன்" என்றாள்.