சுருட்டை வராத தக்காளி: அர்கா ரக்ஷக் விதை, பெங்களூர் அல்சூர் மாடியில் ஐந்து மாதம்

மாடியில் தக்காளி வைத்துத் தோற்றவர்கள் எல்லாரும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். நாற்று நட்டு இருபத்தைந்து நாள் செழிப்பாக வரும், போட்டோ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புவோம், அடுத்த வாரமே நுனி இலை மேல்பக்கமாக மடங்க ஆரம்பிக்கும், ஓரம் மஞ்சளாகும், இலை சின்னதாகித் தடித்துப் போய்ச் செடி அப்படியே குள்ளமாக உட்கார்ந்துவிடும். பூ வந்தாலும் நிற்காது. பாலக்கோட்டில் தக்காளி போடும் என் சித்தப்பாவிடம் வீடியோ காலில் காட்டினேன். "சுருட்டைடா தம்பி, பிடுங்கிப் போட்டுட்டு வேற வேலையைப் பாரு" என்றார். அவ்வளவுதான் வைத்தியம். இப்படி இரண்டு கோடை போனது. நாற்று வாங்கிய கடையில் கேட்டால் "வேப்பெண்ணெய் அடிங்க சார்" என்றார்கள், அடித்தேன், என் கைதான் நாறியது.

மூன்றாவது கோடைக்கு ஹெசரகட்டாவில் இருக்கும் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக் விதையை எடுத்தேன். விதை ஆன்லைனிலேயே வாங்கிவிட்டேன், அவர்களுடைய நுண்ணுயிர்ப் பொடியை வாங்கத்தான் ஒருநாள் வண்டியை எடுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே போய் வந்தேன். ஜனவரி கடைசியில் விதைத்து ஜூன் கடைசி வரை வைத்துப் பார்த்ததில், சுருக்கமாகச் சொன்னால், வாங்கலாம். ஆனால் எதற்காக வாங்குகிறோம் என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

இந்த ரகம் 2010 வாக்கில் வந்தது. ஏ.டி.சதாசிவா என்ற விஞ்ஞானியின் தலைமையில் உருவாக்கிய கலப்பினம். இதன் பெருமையே மூன்று நோய்களை ஒன்றாகத் தாங்குவதுதான்: இலைச்சுருட்டை வைரஸ், பாக்டீரியா வாடல், முன்பருவ இலைக்கருகல். அதற்கு முன்னால் ஒன்றைத் தாங்கும் ரகம் இன்னொன்றில் விழுந்துவிடும். இதற்குப் பிறகு பின்பருவக் கருகலையும் சேர்த்து நான்கைத் தாங்கும் அர்கா அபேத் என்ற ரகத்தையும் கொண்டுவந்திருக்கிறார்கள், அதை நான் இன்னும் போட்டுப் பார்க்கவில்லை.

சரி, மாடிக்கு வருவோம். குழித்தட்டில் 20 விதை, ஆறாம் நாள் 18 முளைத்தன. அதில் நன்றாக இருந்த நான்கை மட்டும் பைக்கு மாற்றிவிட்டு மீதியைப் பக்கத்து வீட்டுக்காரர்களுக்குக் கொடுத்தேன். கூடவே, வேண்டுமென்றே, பெயர் தெரியாத இரண்டு நாற்றைக் கடையில் வாங்கி அதே வரிசையில் வைத்தேன். ஒப்பிட ஒன்று இல்லாமல் "ஆஹா நோயே வரவில்லை" என்று சொல்வதில் அர்த்தமில்லை, சுருட்டை வைரஸைப் பரப்புவது வெள்ளை ஈ, அந்த வருடம் அது குறைவாக இருந்தாலும் நோய் வராதுதானே. ஈ குறைவாகவும் இல்லை. தொங்கவிட்டிருந்த மஞ்சள் ஒட்டும் அட்டை மார்ச் மாதத்தில் உப்பைத் தூவினாற்போல் இருந்தது. கடை நாற்றில் ஒன்று 34ஆம் நாள் சுருண்டது, இன்னொன்று அடுத்த பத்து நாளில். ரக்ஷக் நான்கும் நின்றன. ஒன்றில் மட்டும் நுனியில் லேசான சுருக்கம் தெரிந்தது, நான் பயந்துபோய்க் கத்தரியை எடுத்தேன், சித்தப்பா "வெட்டாதே, பூவைப் பாரு" என்றார். பூ நின்றது, காய் பிடித்தது.

அந்த லேசான சுருக்கம் என்னவென்று தெரிந்துகொள்ளப் போய்த்தான் ஒரு வாரம் தூக்கம் போனது. நாம் நினைப்பதுபோல் எதிர்ப்புத்திறன் என்றால் வைரஸ் உள்ளேயே வராது என்பதல்ல. தக்காளி வளர்ப்பில் உலகம் முழுக்கப் பயன்படுத்தும் எதிர்ப்பு மரபணுக்கள் டிஒய்-1, டிஒய்-2, டிஒய்-3 என்று பெயரிட்டிருக்கிறார்கள், பெரும்பாலும் தென் அமெரிக்கக் காட்டுத் தக்காளிகளிலிருந்து வந்தவை. இதில் டிஒய்-1, டிஒய்-3 இரண்டும் ஒரே மரபணுவின் இரு வடிவங்கள் என்று 2013இல் நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகக் குழு கண்டுபிடித்தது. வைரஸ் தன்னைப் பெருக்கிக்கொள்ளும்போது செடி அதன் வாயை அடைக்கும் வேலையை அந்த மரபணு முடுக்கிவிடுகிறது. வைரஸ் உள்ளே இருக்கும், தலைதூக்காது. டிஒய்-2 கதையில் நம் ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள்: காட்டுத் தக்காளி ஒன்றிலிருந்து சுருட்டை எதிர்ப்பை நம் தக்காளிக்குக் கொண்டுவந்ததை ஜி.கல்லூவும் எம்.கே.பானர்ஜியும் 1990இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். அந்த வழியில் வந்த எச்-24 என்ற வரிசைதான் பிறகு டிஒய்-2வுக்கு மூலமாக வெளிநாடுகளிலும் பயன்பட்டது. ஒரே ஒரு மரபணுவை நம்பினால் வைரஸ் அதைச் சுற்றிக்கொண்டு போய்விடும் என்பதால் இப்போது இரண்டு மூன்றை ஒரே செடியில் அடுக்குகிறார்கள்.

காட்டுத் தக்காளி என்றதும் ஒரு கிளைக்கதை. அமெரிக்காவின் டேவிஸில் இருந்த தாவர விஞ்ஞானி சார்லஸ் ரிக் ஆண்டிஸ் மலைப்பக்கம் அலைந்து இந்த விதைகளையெல்லாம் சேர்த்தவர். கலாபகஸ் தீவுத் தக்காளி விதை என்ன செய்தும் முளைக்கவில்லையாம். கடைசியில் அந்தத் தீவின் ராட்சத ஆமைக்குத் தின்னக் கொடுத்து, அது போட்ட சாணத்திலிருந்து விதையைப் பொறுக்கி விதைத்தார், முளைத்தது. 1961இல் இதைக் கட்டுரையாகவும் போட்டார்.

இரண்டாவது நோய், வாடல். இதற்கு ஒரு தனிச் சோதனை. போன வருடம் வெளியில் வாங்கிய செம்மண் கலவையில் வைத்த கத்தரி, காலையில் பச்சையாக இருந்தது சாயங்காலம் தொங்கிவிட்டது. தண்டை வெட்டிக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் நிறுத்தினால் வெட்டு வாயிலிருந்து பால் நூல்போல் வெள்ளையாக இறங்கும், அதுதான் பாக்டீரியா வாடல் என்பதற்கு வீட்டிலேயே பார்க்கும் அடையாளம். இறங்கியது. அந்த மண்ணைக் கொட்டாமல் வைத்திருந்தேன், நான்கு ரக்ஷக்கில் ஒன்றை அதில்தான் நட்டேன். வீட்டில் "உனக்கு என்ன பைத்தியமா" என்றார்கள். செடி சாகவில்லை. ஒரு செடியை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று எனக்கும் தெரியும், இருந்தாலும் சந்தோஷம் சந்தோஷம்தான். மே மாத மழைக்குப் பிறகு அடியிலைகளில் வளையம் வளையமாகப் பழுப்புப் புள்ளி வந்தது, கருகல்தான், நான்கைந்து இலையோடு நின்றது.

தாங்காதவை என்னென்ன என்பதையும் சொல்ல வேண்டும். பூச்சிக்கும் இந்த மூன்று நோய்க்கும் சம்பந்தமில்லை. இந்தியாவுக்கு 2014இல் வந்துசேர்ந்த தக்காளி ஊசிப்புழு இலையைக் குடைந்தால் ரக்ஷக்கும் ஒன்றுதான், வேறு ரகமும் ஒன்றுதான். முதல் காய்ப்பில் ஏழெட்டுக் காயின் அடிப்பக்கம் கறுத்து அழுகியது, அது நோயே இல்லை, என் தப்பு. ஏப்ரல் வெயிலில் இரண்டு நாள் தண்ணீர் விடாமல் ஊருக்குப் போய்விட்டு வந்து குற்ற உணர்ச்சியில் ஒரேயடியாகக் கொட்டினேன், சுண்ணாம்புச்சத்து காய்க்குப் போய்ச் சேரவில்லை.

நுண்ணுயிர்ப் பொடி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அர்கா மைக்ரோபியல் கன்சார்ஷியம் என்று பெயர், தழைச்சத்தைப் பிடித்துத் தருவது, மணிச்சத்தையும் துத்தநாகத்தையும் கரைத்துத் தருவது, வளர்ச்சியைத் தூண்டுவது என்று தனித்தனியாக வாங்க வேண்டிய நுண்ணுயிர்களை ஒரே பொடியில் வைத்திருக்கிறார்கள். லிட்டருக்கு 20 கிராம் கரைத்து வேரில் ஊற்றினேன், எல்லாப் பைக்கும் ஊற்றியதால் அதனால் எவ்வளவு பலன் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. உயிருள்ள சரக்கு, தேதி பார்த்து வாங்குங்கள், பூஞ்சாணக்கொல்லி ஊற்றிய அதே நாளில் இதை ஊற்றாதீர்கள்.

விளைச்சல்: நான்கு செடிக்கும் சேர்த்து 9.4 கிலோ. சமையல் தராசில் ஒவ்வொரு தடவையும் நிறுத்து எழுதி வைத்த கணக்கு. ஒரு பழம் 80, 90 கிராம், ஒன்று மட்டும் 104. ஒரு செடியில் 19 கிலோ என்று சில வருடங்களுக்கு முன் பத்திரிகைகளில் வந்ததே என்று கேட்காதீர்கள், அது சொட்டுநீர் போட்டு உரம் கொடுத்த வயல், என்னுடையது ஓனரம்மா "தண்ணி கீழே ஒழுகுது" என்று வாரம் ஒருமுறை மேலே ஏறி வந்து பார்க்கும் மாடி. நாலரை அடி ஏறிய செடி காய்ப் பாரத்தில் இரண்டு குச்சியை முறித்தது. வயலுக்காகச் செய்த செடி, என் பையில் அது கொஞ்சம் கூனிக்கொண்டுதான் நின்றது.

பழம் நல்ல சிவப்பு, கெட்டிச் சதை, லாரியில் தூரம் போக ஏற்ற ரகம். அறுத்து மேசைமேல் வைத்த பழம் இரண்டு வாரம் சுருங்காமல் இருந்தது. அம்மா சேலத்திலிருந்து வந்திருந்தார், ஒன்றை அமுக்கிப் பார்த்துவிட்டு "இது பெங்களூர் தக்காளில்ல, தொக்குக்கு அருமையா இருக்கும், ரசத்துக்கு நாட்டுத் தக்காளி வாங்கிட்டு வா" என்றார். பெங்களூரிலேயே உட்கார்ந்துகொண்டு பெங்களூர் தக்காளி என்று கேட்பது தனி சுகம். ஆனால் அம்மாவின் நாக்கு சொல்வதற்கு ஆராய்ச்சியும் பக்கபலமாக இருக்கிறது. ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் ஹாரி க்ளீ குழு 398 தக்காளி ரகங்களின் மரபணுவைப் படித்து, ஆட்களைச் சாப்பிடவும் வைத்து, வாசனை தரும் 13 பொருள்கள் நவீன ரகங்களில் கணிசமாகக் குறைந்துவிட்டன என்று 2017இல் வெளியிட்டது. அதற்கு முன் 2012இல் ஆன் பவல் என்ற விஞ்ஞானியின் குழு இன்னொன்றைக் காட்டியது: நாட்டுத் தக்காளிக் காயில் காம்பைச் சுற்றி இருக்குமே ஒரு கரும்பச்சை, சீராகப் பழுக்க வேண்டும் என்று சுமார் 70 வருடமாக அது இல்லாத செடிகளையே தேர்ந்தெடுத்து வந்ததில் பழத்தில் சர்க்கரையும் குறைந்திருக்கிறது. அந்தப் பச்சையைத்தான் அம்மா சந்தையில் புரட்டிப் புரட்டித் தேடுவார்.

மாடிக்காரர்களுக்கென்றே ஒரு தக்காளி வேண்டுமென்றால் நியூயார்க் பக்கம் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் ஸாக்கரி லிப்மன் என்ற விஞ்ஞானி செய்ததைப் பார்த்து ஏங்கலாம். மூன்று மரபணுக்களைத் திருத்தி, 2019 கடைசியில், பூங்கொத்துபோல் குட்டையாக நின்று 40 நாளுக்குள் பழுக்கும் செடியைக் காட்டினார். ஜப்பானில் 2021இல் காபா என்ற அமினோ அமிலம் கூடுதலாக இருக்கும்படி மரபணு திருத்திய தக்காளி நாற்றை வீட்டுத் தோட்டக்காரர்களுக்கே முதலில் இலவசமாகக் கொடுத்தார்கள். நம் ஊரில் இப்படி மரபணு திருத்திய பயிர்களுக்கான விதிகளை 2022இல் தளர்த்தி, 2025 மே மாதம் இரண்டு ரகங்களை அறிவித்தார்கள், இரண்டுமே நெல். தக்காளிக்குக் காத்திருக்க வேண்டியதுதான், அதுவரை குச்சி ஊன்றுவோம்.

ஒரு எச்சரிக்கை. நன்றாகக் காய்த்த பழத்திலிருந்து அம்மா வழக்கம்போல் விதையைச் சாம்பலில் புரட்டிக் காகிதத்தில் காயவைத்துவிட்டார். இது கலப்பினம், அந்த விதையைப் போட்டால் ஒன்று தாத்தா மாதிரி, ஒன்று பாட்டி மாதிரி வரும், நோய் தாங்குமா என்பதற்கும் உத்தரவாதமில்லை. ஒவ்வொரு தடவையும் புதிதாகத்தான் வாங்க வேண்டும். அம்மாவிடம் இதைச் சொன்னேன். காகிதத்தை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார்.

ஐந்துக்கு நாலு. அரை மார்க் கூடக் கொடுத்திருப்பேன், பை சின்னது என்பது விதையின் குற்றமில்லை. சுருட்டையால் தோற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள், 12 லிட்டருக்குக் குறைந்த பையில் வைக்காதீர்கள், குச்சிக்குப் பதில் மேலிருந்து கயிறு கட்டுங்கள். என்னிடம் பாக்கெட்டில் இன்னும் கொஞ்சம் விதை மீதி இருக்கிறது, அல்சூர், ஜீவன்பீமா நகர் பக்கம் இருப்பவர்கள் கேட்டால் பத்து பத்தாகத் தருகிறேன், பதிலுக்கு யாரிடமாவது காம்புப் பச்சை போகாத நாட்டுத் தக்காளி விதை இருந்தால் கொடுங்கள், அம்மா பொங்கலுக்கு மறுபடி வருகிறார்.