தேக்காவில் அளந்த சரிவுப்பாதைகளுக்கு எந்த லைசென்ஸ்?

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா வட்டாரத்தில், ஃபேரர் பார்க் எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து தேக்கா சந்தை வரை சக்கர நாற்காலியில் போகிறவர் எங்கே ஏறலாம், எந்த இடத்தில் ஒரு படி வந்து வழிமறிக்கும் என்று நானும் நண்பர்கள் இரண்டு பேரும் சில சனிக்கிழமைகள் நடந்து நடந்து குறித்தோம். சிராங்கூன் சாலை ஐந்தடிப் பாதையில், அதாவது கடைவீடுகளின் முன்னால் கூரைக்கடியில் ஓடும் நடைபாதையில், நடந்தவர்களுக்குத் தெரியும், கடைக்குக் கடை தரையின் உயரம் மாறும். ஒரு இடத்தில் சிமெண்ட் சரிவு, அடுத்த இடத்தில் ஒரு மரப்பலகை, அதற்கு அடுத்த இடத்தில் அரிசி மூட்டை! இதையெல்லாம் தரவாக்கி, கூடவே வழி கண்டுபிடிக்கும் சின்ன பைத்தான் நிரலும் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று போட உட்கார்ந்தபோதுதான் தகராறு ஆரம்பித்தது. "எம்ஐடி போடுங்கண்ணே, முடிஞ்சுது" என்றான் ஒருவன். எழுதியவர் பெயரை விட்டுவைத்தால் போதும், என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்ற உரிமம் அது. "எவனாவது எடுத்துக் காசு பண்ணுவான், ஜிபிஎல் போடுங்க" என்றான் இன்னொருவன். நிரலை மாற்றி வெளியிடுபவர் அதையும் அதே உரிமத்தில் திறந்துதர வேண்டும் என்பது அது. இரண்டு பேர் வாயிலும் தரவு என்ற சொல்லே வரவில்லை.

தரவு வேறு, நிரல் வேறு. எம்ஐடி, ஜிபிஎல் இரண்டும் மென்பொருளுக்காக எழுதப்பட்டவை. ஒரு சரிவுப்பாதையின் அட்சரேகைக்கு 'மூல நிரல்' எது என்று கேட்டால் யாரிடமும் பதில் இருக்காது. எதிர்ப்பக்கமும் அப்படித்தான், தங்கள் உரிமங்களை மென்பொருளுக்குப் போடாதீர்கள் என்று, எழுத்து, படம் போன்றவற்றுக்குப் பொது உரிமங்கள் எழுதித் தரும் கிரியேட்டிவ் காமன்ஸ்காரர்களே (சுருக்கமாக சிசி) சொல்கிறார்கள். ஆகவே குறைந்தது இரண்டு உரிமக் கோப்புகள் வேண்டும். ஒன்றுமே போடாமல் நிரல் பகிரும் தளமான கிட்ஹப்பில் ஏற்றினால் திறந்த மூலம் ஆகிவிடும் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். போடாவிட்டால் எல்லா உரிமையும் உங்களிடமே இருக்கிறது, அதை அடுத்தவர் சட்டப்படி எடுத்துப் பயன்படுத்த முடியாது.

முதலில் தரவு, ஏனென்றால் சிக்கலெல்லாம் அங்கேதான். தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும் திறந்த உலக வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் 2012 செப்டம்பர் 12 அன்று சிசி பை-எஸ்ஏ 2.0-இலிருந்து (பெயர் போடு, அதே உரிமத்தில் பகிர் என்பது) தரவுத்தளங்களுக்காகவே எழுதிய ஓடிபிஎல் உரிமத்துக்கு மாறியது. பழையது பதிப்புரிமையை மட்டும் நம்பி நின்றது, ஆனால் 'இந்தச் சாலை இங்கே இருக்கிறது' என்ற வெறும் தகவலுக்குப் பதிப்புரிமை உண்டா என்பதே சந்தேகம். ஓடிபிஎல் பதிப்புரிமை, தரவுத்தள உரிமை, ஒப்பந்தம் என்று மூன்று கால்களில் நிற்கப் பார்க்கிறது. எனக்கு இதில் பிடித்தது, தரவுத்தளத்தையும் அதிலிருந்து செய்த பொருளையும் அது பிரித்துப் பார்ப்பதுதான். எங்கள் தரவிலிருந்து ஒரு மருந்தகம் சுவரொட்டி வரைபடம் அச்சடித்தால் மூலத்தின் பெயரைப் போட்டால் போதும், சுவரொட்டியைத் திறந்துவிட வேண்டியதில்லை. அதே தரவை ஒரு வீட்டுமனைச் செயலி எடுத்து, பிழைகளைத் திருத்தி, திருத்தியதை வைத்து மக்களுக்குச் சேவை தந்தால், கேட்பவருக்குத் திருத்திய தரவையும் ஓடிபிஎல்லிலேயே தர வேண்டும். ஆனால் பக்கத்தில் தனியாக வைத்திருக்கும் வீட்டு விலைப் பட்டியலை அது தொடாது.

இனி சிங்கப்பூருக்கு வருவோம், இங்கே அந்த மூன்று கால்களில் ஒன்று கிடையாது. தொகுக்கப் போட்ட முதலீட்டையே காக்கும், ஐரோப்பிய ஒன்றியம் 1996-இல் கொண்டுவந்த தனி தரவுத்தள உரிமை நம் சட்டத்தில் இல்லை. 2017-இல் குளோபல் யெல்லோ பேஜஸ் என்ற தொலைபேசி விவரப் புத்தக நிறுவனத்தின் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது: தொகுப்பதற்கு எவ்வளவு வியர்வை சிந்தினாலும் போதாது, தேர்விலோ அடுக்கிலோ படைப்பாற்றல் இருந்தால்தான் பாதுகாப்பு. வெயிலில் நடந்த எங்கள் சனிக்கிழமைகளுக்குச் சட்டத்தில் மதிப்பில்லை என்று அர்த்தம். இதோடு 2021 பதிப்புரிமைச் சட்டம் கணினிவழித் தரவு ஆய்வுக்காகப் பிரதி எடுப்பதை அனுமதிக்கிறது, அதை ஒப்பந்தம் போட்டும் தடுக்க முடியாது. ஆக, ஓடிபிஎல் இங்கே பெரும்பாலும் ஒப்பந்தத்தின் பலத்தில்தான் நிற்கும். 'அதே உரிமத்தில் பகிர்' என்று போட்டுவிட்டோம், யாரும் தப்ப முடியாது என்று நினைத்த என் நண்பனுக்கு இது கசந்தது.

அப்படியென்றால் பெயரை மட்டும் கேட்கும் சிசி பை 4.0? எளிமையானது, பலருக்கும் பழகியது, 2013-இல் வந்த இந்தப் பதிப்பு தரவுத்தள உரிமையையும் சேர்த்துக்கொண்டது. ஆனால் அதில் வெளியிட்ட தரவை அப்படியே ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்ற முடியாது. பெயர் குறிப்பிடும் முறை, தொழில்நுட்பப் பூட்டுக்கான (பிறர் பிரதி எடுக்காதபடி மென்பொருளால் பூட்டுவதற்கான) தடை என இரண்டு விஷயங்களில் உரிமையாளர் தனியாக ஒப்புதல் எழுதித் தர வேண்டும் என்று அதன் அறக்கட்டளை கேட்கிறது. பெயர் வந்தால் போதும் என்று சிசி பை போடுபவர்களுக்கு இது தெரிவதே இல்லை. எல்லா உரிமையையும் விட்டுக்கொடுக்கும் சிசி ஜீரோவில் இந்தத் தொல்லை கிடையாது, ஆனால் பெயரைக் கட்டாயப்படுத்தவும் முடியாது. சிங்கப்பூர் திறந்த தரவு உரிமம் அரசு அமைப்புகள் தங்கள் தரவை வெளியிட எழுதியது. அந்தத் தரவை எடுத்தால் தரவுத்தொகுப்பின் பெயர், எடுத்த தேதி, மூலம், உரிமத்துக்கான இணைப்பு எல்லாம் போட வேண்டும். நம் சொந்தத் தரவுக்குப் போடுவதற்கு அல்ல.

ஆனால் இப்படி வரிசையாக வைத்துப் பிடித்ததைத் தேர்ந்தெடுப்பது பாதி ஏமாற்று. எதன்மேல் வைத்து வரைந்தீர்களோ அதுவே பாதி முடிவை எடுத்துவிடும். எங்களில் ஒருவன் குறுக்குவழிகளை ஒரு வணிக வரைபடத்தின் செயற்கைக்கோள் படத்தின்மேல் வைத்து வரைந்திருந்தான். அதன் விதிமுறை அனுமதிக்காது என்று தெரிந்ததும் ஒரு சனிக்கிழமை வேலை குப்பைக்குப் போனது. சரி, மற்றதெல்லாம் நம்முடையதுதானே என்றால், அதுவும் இல்லை. கடைவீடுகளுக்கு நடுவே கைப்பேசி ஜிபிஎஸ் ஆளை எதிர்ச் சாரிக்குத் தூக்கிப் போட்டுவிடும், கேம்பல் லேனில் குறித்த புள்ளி அடுத்த தெருவில் போய் உட்கார்ந்திருந்தது. அதையெல்லாம் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் கட்டடக் கோடுகளைப் பார்த்துப் பார்த்து நகர்த்தி வைத்தோம். நகர்த்திய புள்ளி இனி யாருடைய தரவு? எங்களுடையது என்று வாதாடலாம்தான், ஆனால் அந்த வாதத்துக்கு நேரம் செலவழிக்க எனக்கு விருப்பமில்லை. புள்ளிகள் ஓடிபிஎல்லில் போனது. படியின் உயரம், சரிவின் அகலம், கைப்பிடி உண்டா என்று டேப் வைத்து அளந்து கடை எண்ணோடு எழுதிய அட்டவணை முழுக்க எங்கள் கைவேலை, அது சிசி ஜீரோ.

நிரலுக்கு இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. வரைபட மென்பொருள் வட்டாரத்தில், வரைபடத் தரவைப் படிக்கும் ஜிடால் எம்ஐடி, இணையத்தில் வரைபடம் காட்டும் லீஃப்லெட் பிஎஸ்டி (எம்ஐடி போலவே தளர்வானது), வரைபடம் வரையும் கியூஜிஐஎஸ்ஸும் வரைபடத் தரவுத்தளமான போஸ்ட்ஜிஐஎஸ்ஸும் ஜிபிஎல். போஸ்ட்ஜிஐஎஸ்ஸிடம் கேள்வி அனுப்பி விடை வாங்கும் செயலியை ஜிபிஎல் பிடித்துக்கொள்ளாது, ஆனால் கியூஜிஐஎஸ்ஸுக்குள்ளேயே ஓடும் செருகுநிரல் எழுதினால் ஜிபிஎல்லோடு ஒத்துப்போகும் உரிமம்தான் போட வேண்டும். நிரலை வெளியிடாமல் சர்வரில் மட்டும் ஓட்டி, ஜிபிஎல்லின் கடமையிலிருந்து நழுவுவதைத் தடுக்க வந்தது ஏஜிபிஎல். நான்கு கோப்பு நிரலுக்கு அது பூட்டின்மேல் பூட்டு. 'எவனாவது மூடிவிட்டால்' என்று பயந்தவனுக்கு இணையத்தில் வரைபடம் காட்டும் மேப்பாக்ஸ் ஜிஎல் ஜேஎஸ் நிரலின் கதையைச் சொன்னேன். 2020 டிசம்பரில் அதன் இரண்டாம் பதிப்பு திறந்த உரிமத்தை விட்டு வெளியேறியது, ஆனால் முதல் பதிப்பு பிஎஸ்டியில் ஏற்கெனவே வெளிவந்திருந்ததால் அதிலிருந்தே மேப்லிப்ரே என்ற திறந்த நிரல் கிளைத்துவிட்டது.

எம்ஐடிக்கும் அப்பாச்சி 2.0-க்கும் இடையில் நான் அப்பாச்சியைப் பிடித்தேன், காப்புரிமம் (பேட்டன்ட்) பற்றி வெளிப்படையாக ஒரு விதி இருப்பதால். ஜிபிஎல் 2-ஐ மட்டும் ஏற்கும் நிரலோடு அது சேராது, 3-ஓடு சேரும். எங்களுக்கு அது போதும். ஜிபிஎல் கேட்டவன் முணுமுணுத்துக்கொண்டேதான் மூன்று உரிமக் கோப்புகளையும் ஏற்றினான்.