ஓட்டைக் கழற்றித் தகரம் போட்ட கூரை: வெயிலும் மாரியும் கண்ட பின்

வன்னியில் ஓட்டுக் கூரையை மாற்றித் தகரம் போடுகிறவர்களிடம் காரணம் கேட்டுப் பாருங்கள், குரங்கைத்தான் முதலில் சொல்வார்கள். ஒட்டுசுட்டான் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டுக் கதையும் அதுதான். இந்திய வீட்டுத் திட்டத்தில் கிடைத்த ஐந்தரை இலட்சத்தோடு கைக்காசும் போட்டு 2013இல் கட்டிய வீடு. ஓடு இருந்தவரை நடுப்பகலிலும் உள்ளே நிம்மதியாகப் படுக்கலாம். ஆனால் பாலைப்பழம் பழுக்கும் காலத்தில் குரங்குக் கூட்டம் முகட்டில் பாய்ந்து ஓட்டை விலக்கிவிடும். பிறகு மாரி வந்தால் அறைக்கு அறை வாளிதான்.

2019இல் நடுவீட்டுக்கு 0.47 மில்லிமீற்றர் தகரம் போட்டோம். இரும்பின் மேல் அலுமினியமும் சிங்கும் கலந்து பூசிய வகை. வெக்கையை நினைத்து, கீழே அலுமினிய ஃபொயிலும் வாங்கினோம். தகரத்தின் சூட்டுக்கு எல்லோரும் பயந்த காலம் அது. 2016இல் வடக்கு கிழக்குக்கு 65,000 இரும்பு வீடுகள் என்று பேச்சு வந்தபோது, இந்த வெயிலுக்கு அது சரிவராது என்று ஊரெல்லாம் வாதாடியது நினைவிருக்கும்.

முதலில் வந்த குழு கொந்தராத்துக்குப் பேசி வந்தது. கைவேகம் பார்க்க அழகாக இருந்தது. ஃபொயிலைத் தகரத்தோடு ஒட்டினாற்போல் இழுத்துக் கட்டினார்கள். தகரத்தைக் கூரை மேலேயே வைத்து கிரைண்டரால் வெட்டினார்கள். பறந்த இரும்புப் பொடியை யாரும் கூட்டித் தள்ளவில்லை. அடுத்த மாரியில் தகரம் முழுக்க அம்மைத் தழும்பு மாதிரித் துருப்புள்ளிகள். துருப்பிடித்தது அந்தப் பொடிதான், ஆனால் அடியில் உள்ள பூச்சையும் அது அரித்துவிடும். அளவு குறிக்கப் பென்சில் பாவித்த இடங்களிலும் கோடு கோடாகக் கறுத்துவிட்டது. பென்சில் கரி இந்தப் பூச்சுக்கு ஆகாது, மார்க்கர் பேனைதான் பாவிக்க வேண்டும். ஸ்க்ரூக்களை ரப்பர் வாசர் பிதுங்கும்வரை முறுக்கியிருந்தார்கள். பிதுங்கிய ரப்பர் வெயிலில் வெடித்து, சில இடங்களில் ஒழுக்கு.

அடுத்த வருடம் குசினிக்கும் பின் விறாந்தைக்கும் அதே தகரம், அதே ஃபொயில். வேலைக்கு வந்தவர் மட்டும் வேறு: ஊரிலேயே ஒரு வயதான ஓடாவியார், நாட்கூலிக்கு. மனிதர் கொஞ்சம் கதைகாரர், தேத்தண்ணி அடிக்கடி வேண்டும். கைமரத்தின் மேல் ஃபொயிலைப் போட்டு, அதற்கு மேல் சலாகை அடித்து, அதன் மேல்தான் தகரம் வைத்தார். தகரத்துக்கும் ஃபொயிலுக்கும் நடுவே ஓர் அங்குலத்துக்கு மேல் வெளி. "இதுக்கேன் அண்ணை இவ்வளவு மினக்கேடு?" என்று கேட்டேன். "தகரம் தொட்டால் அதுவும் தகரம்தானே தம்பி" என்றார்.

சொன்னது சரி. பளபளப்பான அலுமினியம் தன் மேல் படும் வெப்பக் கதிரில் பெரும்பகுதியைத் திருப்பிவிடும், தானும் மிகக் கொஞ்சமாகத்தான் வெப்பத்தை வீசும். ஆனால் அதற்கு ஒரு பக்கமாவது காற்று வெளி வேண்டும். தகரத்தோடு ஒட்டினால் சூடு நேரே கடத்தப்பட்டுவிடும். மினுங்கும் பக்கம் கீழே பார்த்தபடி இருப்பது நல்லது, மேலே பார்த்தால் காலப்போக்கில் தூசி படிந்து மங்கிவிடும். முகட்டடியில் சூடான காற்று வெளியேற இடம் விட்டு, அணில் புகாமல் வலையும் அடித்தார்.

பலன் ஆடி மாதத்தில் தெரிந்தது. சோளகம் அனலாக வீசும் மத்தியானத்தில், அடுப்பு எரியும் குசினியைவிட நடுவீடு வெக்கையாக இருந்தது. அம்மா பாயை எடுத்துக்கொண்டு பின் விறாந்தைக்குப் போய்விடுவார்.

2020 டிசம்பர் 2 இரவு முல்லைத்தீவுக்கும் திருகோணமலைக்கும் இடையில் புரெவிப் புயல் கரையேறியபோது இரண்டு பக்கத் தகரமும் அசையவில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் நடுவீட்டில் ஒழுகிய இடங்கள் பெருகின. அதன் பின் அதே ஓடாவியாரைக் கொண்டு ஸ்க்ரூக்களை மாற்றி, கைமரத்தின் அடிப்பக்கத்தில் புதிதாக இன்னொரு ஃபொயில் அடித்தோம். இப்போது பகலில் ஒரு காற்றாடி போதும். பொழுதுபட்டால் தகரம் ஓட்டைவிடச் சீக்கிரம் ஆறிவிடுகிறது. தை மாத விடியலில் தகரத்தின் அடியில் வேர்த்துச் சொட்டும் நீரும் கட்டிலில் விழுவதில்லை.

குறை இல்லாமல் இல்லை. மழை பெய்தால் தொலைபேசியில் கதைக்க முடியாது. குரங்கு ஓடினாலும் அதே சத்தம்தான். துருப்புள்ளிகளுக்கு வருடாவருடம் தேய்த்துப் பூசுகிறோம்.

தகரம் போட இருப்பவர்கள் பேசும்போதே மூன்று விடயத்தைக் கேளுங்கள்: வெட்டுவது நிலத்திலா, ஃபொயிலுக்கு இடைவெளி உண்டா, கடைசிக் காசு முதல் மாரிக்குப் பிறகு தரலாமா. மூன்றாவதுக்கு முகம் சுளிப்பவரை நான் கூப்பிட மாட்டேன்.