ஏஜென்சியா, விசாவா, பக்கத்துத் தெருவா? கேர் ஹோமுக்கு ஆள் சேர்த்த கணக்கு

இங்கிலாந்தில் 28 முதியவர்கள் தங்கியிருக்கும் கேர் ஹோம் ஒன்றின் மேனேஜர் நான். அவர்களில் பாதிக்கு மேல் டிமென்ஷியா உள்ளவர்கள். 2025 தொடக்கத்தில், மூன்றே மாதத்தில் ஆறு கேரர்கள் (முதியவர்களைப் பராமரிக்கும் ஊழியர்கள்) வேலையை விட்டார்கள். அந்த இடங்களை நிரப்ப மூன்று வழியையும் முயன்று பார்த்தேன். ஒன்று, தற்காலிக ஆட்களை அனுப்பும் ஏஜென்சி. இன்னொன்று, ஏற்கெனவே இந்த நாட்டில் இருக்கும் வெளிநாட்டு ஊழியர்களை ஸ்பான்சர் செய்வது, அதாவது அவர்களின் வேலை விசாவுக்கு நாங்கள் பொறுப்பேற்பது. மூன்றாவது, உள்ளூரில் இந்த வேலையே தெரியாதவர்களை எடுத்து நாங்களே பழக்குவது. என் சாய்வு மூன்றாவதன் பக்கம்தான்.

ஏஜென்சி பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மாலையில் போன் செய்தால் இரவு ஷிஃப்டுக்கு ஆள் வந்துவிடும், மணிக் கட்டணம் மிக அதிகம். வந்தவர் நல்லவராக இருந்து நிரந்தரமாக எடுக்க நினைத்தால் தனிக் கட்டணம் கேட்பார்கள். ஆனால் 2003-ஆம் ஆண்டு விதிகளின்படி, அந்தக் கட்டணத்துக்குப் பதிலாக அவரை இன்னும் சில காலம் ஏஜென்சி மூலமே வேலைக்கு வைத்திருந்து, பிறகு இலவசமாக எடுத்துக்கொள்ளும் வாய்ப்பையும் அவர்கள் தந்தாக வேண்டும். கையெழுத்துப் போடும் முன் அந்தப் பகுதியைத் தேடிப் படியுங்கள்.

பணத்தைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறொன்று. புதிதாக வருபவர் யாரானாலும், அவர் பக்கத்தில் எங்கள் சீனியர் கேரர் ஒருவர் நின்றாக வேண்டும். எங்களிடம் இருக்கும் ஒரு பாட்டிக்கு வலது காது கேட்காது. அந்தப் பக்கமிருந்து போய்த் தொட்டால் பதறிக் கையை ஓங்குவார். இடது பக்கம் வந்து, குனிந்து, பெயர் சொல்லி அழைத்தால் சிரித்துக்கொண்டே குளிக்க வருவார். இது அவருடைய கேர் பிளானில், அதாவது அவரை எப்படிப் பராமரிப்பது என்ற குறிப்பில், எழுதியிருக்கிறது. ஆனால் முதல் ஷிஃப்டுக்கு வருபவர் 28 கேர் பிளானையும் படித்துவிட்டு வேலை தொடங்க முடியாது. யாராவது கூட நின்று காட்டித்தான் தெரியும். ஏஜென்சியிலிருந்து ஒரே மாதத்தில் ஒன்பது வெவ்வேறு முகங்கள் வந்தார்கள். எங்கள் சீனியர் ஒன்பது முறை அதையே சொன்னார். சொன்னது எதுவும் எங்கள் ஹோமில் தங்கவில்லை.

ஆகவே மூன்று வழியையும் நான் ஒரே கேள்வி வைத்துத்தான் அளக்கிறேன்: சீனியர் பக்கத்தில் நிற்கும் அந்த மணிநேரங்கள் எங்கே போய்ச் சேருகின்றன?

பயிற்சி விற்பவர்கள் இதைப் பேசுவதே இல்லை. புதிய கேரர்களுக்கான அடிப்படைப் பயிற்சிச் சான்றான கேர் சர்டிஃபிகேட் ஆன்லைனில் ஒரே நாளில் கிடைக்கும் என்று விளம்பரம் வரும்போதெல்லாம் எனக்குக் கவலையாக இருக்கிறது. மிட் ஸ்டாஃபோர்ட்ஷயர் மருத்துவமனைக் கொடுமைகள் வெளியான பிறகு நடந்த கேவண்டிஷ் ஆய்வின் பரிந்துரையில் பிறந்து, 2015 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது அந்தச் சான்று. முதலில் 15 பகுதிகள், 2025-இல் கற்றல் குறைபாடு, ஆட்டிசம் பற்றிய விழிப்புணர்வையும் சேர்த்து 16. பாடத்தைத் திரையில் படிக்கலாம், அரசு மருத்துவச் சேவையான என்.ஹெச்.எஸ் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் ஒருவர் ஹாய்ஸ்ட் என்ற தூக்கும் கருவியில் முதியவரைத் தூக்குவதையும், உடை மாற்றும்போது திரையை இழுத்து மூடுவதையும் வேலையிடத்தில் ஒருவர் கண்ணால் பார்த்துத்தான் கையெழுத்துப் போட முடியும். முழுநேர ஊழியருக்குச் சுமார் 12 வாரம் ஆகும். அந்தப் பார்வையை எந்தப் பேக்கேஜிலும் வாங்க முடியாது.

ஸ்பான்சர் செய்யும் வழி இப்போது குறுகிவிட்டது. 2022 பிப்ரவரியில் கேரர்களுக்கு விசா திறந்தது. 2024 மார்ச் முதல் குடும்பத்தைக் கூட்டி வர முடியாது. 2025 ஜூலை 22-ஆம் தேதியோடு வெளிநாட்டிலிருந்து புதிதாக எடுப்பதே நின்றது. நாட்டுக்குள் இருப்பவர்கள் மாறிக்கொள்ள மட்டும் 2028 ஜூலை வரை இடமிருக்கிறது. ஊரில் யாராவது ஏஜென்ட் இன்னமும் “கேரர் விசா வாங்கித் தருகிறேன்” என்று பணம் கேட்டால் தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள்.

நான் எடுத்த இருவரில் ஒருவர் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், நர்சிங் படித்தவர். முன்பு வேலை பார்த்த நிறுவனத்தின் ஸ்பான்சர் லைசென்ஸ் பறிபோனது. அப்படி நடந்தால், வேறு ஸ்பான்சரைத் தேட வழக்கமாக 60 நாள்தான் கிடைக்கும். இப்படித் தவிப்பவர்களை வேலையோடு இணைக்கும் வட்டாரக் கூட்டமைப்பு வழியாக எங்களிடம் வந்தார். வேலையில் அவருக்கு நாங்கள் சொல்லித்தர வேண்டியிருந்தது கொஞ்சம்தான்: இந்த வட்டாரத்து ஆங்கில உச்சரிப்பு, டாக்டரின் கிளினிக்குக்குப் போன் செய்து பேசுவது, நோட்ஸ் எழுதும் முறை. சீனியர் செலவிட்ட நேரம் இங்கேயே தங்கியது. ஆனாலும் ஒன்று என்னை உறுத்துகிறது. எங்களை விட்டுப் போவது அவருக்கு அவ்வளவு எளிதல்ல. அவர் தங்கியிருப்பதை வைத்து எங்கள் ஹோம் நல்ல வேலையிடம் என்று நான் சொல்லிக்கொள்ளக் கூடாது. அவருக்கு விதிப்படி மணிக்கு 12.82 பவுண்ட் கொடுக்க வேண்டியிருந்தது. மற்றவர்களுக்கு அப்போதைய குறைந்தபட்சக் கூலியான 12.21 கொடுப்பது நியாயமில்லை என்பதால் எல்லோருக்கும் 12.82 ஆக்கினோம்.

மீதி நான்கு இடங்களுக்கு உள்ளூர் ஆட்கள். விளம்பர அட்டையைக் கடை, பள்ளி வாசல், சர்ச், கோயில் என்று ஒட்டினோம். பராமரிப்புத் துறை ஊழியர்களுக்கான ஸ்கில்ஸ் ஃபார் கேர் அமைப்பு இலவசமாகத் தரும் நேர்காணல் வழிகாட்டிகள் உண்மையிலேயே உதவின. அனுபவத்தை விடுத்து, மனப்பான்மையைக் கேட்கும் கேள்விகள் அவை. நாங்களாகச் சேர்த்தது ஒன்று: நேர்காணலுக்கு வந்தவரை ஒரு மணிநேரம் ஹாலில் எங்கள் கண் பார்வையிலேயே முதியவர்களோடு உட்கார வைத்தோம். பள்ளிக் கேன்டீனில் வேலை பார்த்த 52 வயதுப் பெண் ஒருவர், யாரும் சொல்லாமலே மண்டியிட்டு ஒரு தாத்தாவின் கண் மட்டத்தில் பேசினார். அன்றே முடிவு செய்துவிட்டேன்.

செலவை மறைக்க மாட்டேன். மூன்று வாரம், வாரம் 36 மணி, ஷிஃப்ட் பட்டியலில் ஆளாகக் கணக்கில் சேர்க்காமல், சீனியர் கூடவே நின்று பார்த்துப் பழகும் ஷேடோயிங். ஒருவருக்குக் கூலி மட்டும் சுமார் 1,385 பவுண்ட். டிபிஎஸ் என்ற குற்றப் பின்னணிச் சரிபார்ப்பு வரும்வரை காத்திருப்பதில், இந்த நால்வரைத் தவிர நாங்கள் தேர்ந்தெடுத்த இருவர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். பயிற்சிக் கட்டணத்தில் ஒரு பகுதியை அரசுத் திட்டம் வழியாகத் திரும்பப் பெறலாம், ஆனால் முதலில் நம் கையிலிருந்து கட்ட வேண்டும், ஊழியர் விவரங்களைப் பராமரிப்புத் துறைக்கான தரவுத்தளத்தில் புதுப்பித்து வைத்திருக்கவும் வேண்டும். சீனியருக்கும் சும்மா பாரம் ஏற்றவில்லை. பழக்கும் வாரங்களில் அவர் பொறுப்பில் உள்ள முதியவர்களின் எண்ணிக்கையைக் குறைத்து, மணிக்குக் கொஞ்சம் கூடுதலும் கொடுத்தோம். மூன்று வழிகளில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால், உள்ளூர் ஆட்களைப் பழக்கும் இந்த வழியைச் செய்யுங்கள்.

இங்கிலாந்தின் முதியோர், மாற்றுத்திறனாளி பராமரிப்புத் துறையில் ஓராண்டில் ஏறத்தாழ கால் பங்கு ஊழியர்கள் வேலையை விட்டுப் போகிறார்கள். எங்கள் நால்வரில் மூவர் பத்து மாதமாக இருக்கிறார்கள். இவ்வளவு சின்ன எண்ணிக்கையை வைத்து யாருக்கும் உறுதி தர முடியாது. வீடு வீடாகப் போகும் ஹோம் கேரில் நான் வேலை பார்த்ததில்லை, அங்கே கூடவே ஒருவரை அனுப்பும் செலவு வேறு மாதிரி வரும்.

போன அந்த நாலாவது ஆள் நல்ல பையன். ஞாயிறு காலை ஏழு மணி ஷிஃப்டுக்கு அவன் தெருவிலிருந்து பஸ் கிடையாது. எட்டு மைல் டாக்சியில் வந்து வந்து ஆறாவது வாரம் ஓய்ந்துவிட்டான். நேர்காணலில் நான் அதைக் கேட்கவே இல்லை. அடுத்த அட்டையில் சம்பளத்துக்கு நேர் கீழே, ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ் எங்கள் வாசலுக்கு எத்தனை மணிக்கு வருகிறது என்று எழுதியிருக்கிறேன்.