சட்டைப் பையில் ஒரு குட்டி ஆம்ப்: இரண்டரை வருடம் ஆச்சு

புதுக் கைப்பேசியில் ஹெட்போன் துளை இல்லை. பழைய ஒயர் இயர்போனைத் தூக்கிப்போட மனசும் இல்லை. கோலாலம்பூரின் மின்னணுக் கடைகள் நிறைந்த லோ யாட் பிளாசாவில் மாடி மாடியாக ஏறி இறங்கி, 400 வெள்ளிக்குக் (ரிங்கிட்) கொஞ்சம் மேலே கொடுத்து ஒரு புளூடூத் ஆம்ப் வாங்கினேன். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரியது, முதுகில் ஒரு கிளிப். கைப்பேசி பாட்டைப் புளூடூத்தில் அனுப்பும், இது வாங்கி, டிஜிட்டலை ஒலி மின்னலையாக மாற்றும் தன் சொந்த டிஏசி, அதைப் பெருக்கும் ஆம்ப் வழியாக இயர்போனுக்குக் கொடுக்கும். அவ்வளவுதான் வேலை.

தினமும் செந்தூலில் கொமுட்டர் ரயில் ஏறி, கேஎல் சென்ட்ரலில் எல்ஆர்டி ரயிலுக்கு மாறி, ஆசியா ஜெயாவில் இறங்குகிறேன். இந்தப் பெட்டியைச் சோதித்தது பெரும்பாலும் அந்தப் பயணத்தில்தான்.

ஒலி எப்படி என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. பேஸ் கிட்டார் தனியாக நடக்கிறது, தபேலாவின் விரல் தட்டு தெளிவாக விழுகிறது. எனக்குப் போதும். தகராறு கொடுத்தது எல்டாக், அதாவது புளூடூத்தில் பாட்டைச் சுருக்கி அனுப்பும் ஒரு முறை. ஆண்ட்ராய்டு 8 வந்த 2017 முதல் இது ஆண்ட்ராய்டோடு சேர்ந்தே வருகிறது. ஐபோனில் கிடையாது, அங்கே ஏஏசி என்ற வேறு முறைதான். எல்டாக்கில் நொடிக்கு 330, 660, 990 கிலோபிட் என்று மூன்று படி. வாங்கிய ஆசையில் 990-ஐப் பிடித்து வைத்தேன். வீட்டில் தேன். கேஎல் சென்ட்ரலில் கூட்டத்துக்குள் நுழைந்ததும் பாட்டு விக்கல் எடுக்க ஆரம்பித்துவிடும்.

காரணம் புரிய இரண்டு வாரம் ஆனது. புளூடூத் ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் வைஃபையும் ஓடுகிறது, சுற்றி நிற்பவர்களின் இயர்பட்ஸும் ஓடுகின்றன. அது போதாதென்று நான் கைப்பேசியை வலது பின்பாக்கெட்டில் வைத்திருந்தேன், பெட்டி இடது மார்பில். நடுவே என் உடம்பு. உடம்பில் பெரும்பகுதி தண்ணீர், இந்த அலையைத் தண்ணீர் நன்றாகவே குடித்துவிடும். கைப்பேசியை இடது முன்பாக்கெட்டுக்கு மாற்றி, 660-க்கு இறக்கினேன். விக்கல் ஏறக்குறைய நின்றுபோனது. ரயில் இரைச்சலில் 660-க்கும் 990-க்கும் என் காதுக்கு வித்தியாசம் தெரியவில்லை. தெரிகிறது என்பவர்கள் ஒருநாள் காலை ஏழரைக்குக் கொமுட்டரில் நின்று கேட்டுவிட்டுச் சொல்லட்டும்.

இதில் பேலன்ஸ்டு துளையும் உண்டு, இடது வலது காதுக்குத் தனித்தனி ஒயர் ஜோடியில் ஒலியை அனுப்புவது. அதில் சத்தம் கூடும், கூடுவதையே ‘தரம் கூடிவிட்டது’ என்று காது நம்பிவிடும். சத்த அளவைச் சமமாக்கிக் கேட்டபோது எனக்கு அந்த மாயம் கலைந்துவிட்டது. சின்ன இயர்போனுக்குச் சாதாரண 3.5 மி.மீ. துளையே தாராளம்.

சரி, ஒயருக்கு வருகிறேன். வாங்கும்போது இதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. கடைசியில் இந்தப் பெட்டியை மாட்டிக்கொண்டு போவதா, வீட்டில் விட்டுப் போவதா என்பதைத் தினமும் தீர்மானித்தது அதுதான்.

இயர்போனோடு வந்த ஒயரில் காதைச் சுற்றி வளைத்து நிறுத்த உள்ளே ஒரு கம்பி இருந்தது. நான் மூக்குக்கண்ணாடி போடுகிறவன். கண்ணாடிக் காம்பும் அந்தக் கம்பியும் காதுக்குப் பின்னால் ஒரே இடத்துக்கு மல்லுக்கட்டின. ஆசியா ஜெயா வருவதற்குள் தோல் சிவந்துவிடும். அப்புறம் சடை பின்னியதுபோல எட்டு இழை ஒயர் ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். பார்க்க அழகு. கனமோ காதைக் கீழே இழுத்தது. எட்டே மாதத்தில், காதை ஒட்டிய பகுதியில் கண்ணாடி போன்ற உறைக்குள் செம்பு பச்சையாகிவிட்டது. ஒலி மாறவில்லை, ஆனால் வியர்வையும் தோல் எண்ணெயும் ஊறி உறை விறைத்துப்போனது. விறைத்த ஒயர் காலரில் உரசும் ஒவ்வொரு தடவையும் காதுக்குள் ‘டொக் டொக்’.

இன்னொரு தொல்லை நீளம். 1.2 மீட்டர் ஒயர் கால்சட்டைப் பாக்கெட்டுக்கு அளவெடுத்தது. பெட்டியோ மார்பில் இருக்கிறது, பாதி ஒயர் போதும். மீதி வயிற்றில் வளையமாகத் தொங்கும். ஒரு தைப்பூசத்துக்கு முதல் நாள், பத்து கேவ்ஸ் போகும் கொமுட்டரில் நிற்க இடமில்லை. அந்த வளையம் ஓர் அக்காவின் பையில் சிக்கிக்கொண்டது. அவர் செந்தூலில் இறங்க, பெட்டியும் என் பையிலிருந்து கழன்று அவரோடே இறங்கியது. “என்னா தம்பி, உங்க ரேடியோ என்கூட வருது!” என்றார். நல்லவேளை, நானும் இறங்க வேண்டிய இடம் அதுதான். கிளிப்பின் ஒரு பல் உடைந்தது அன்றுதான்.

மறுநாளே மீதி ஒயரைச் சுருட்டி, நாசி லெமாக் பொட்டலத்து ரப்பர் பேண்டைப் போட்டேன். இரண்டு மாதத்தில் ரப்பர் இளகி உறையோடு ஒட்டிக்கொண்டது. இப்போது இருப்பது கம்பியில்லாத, மெல்லிய, மிருதுவான மூன்றாவது ஒயர், 60 வெள்ளி. சுருட்டலுக்கு வெல்க்ரோ பட்டை. இரண்டு காது ஒயரையும் சேர்த்துப் பிடிக்கும் ஸ்லைடரைத் தாடைக்குக் கீழே ஏற்றிவிட்டால் உரசல் சத்தம் காதுவரை வருவதில்லை. வீட்டுக்கு வந்ததும் காதுப் பகுதியை மட்டும் ஈரத்துணியால் ஒரு துடை. ஒன்றேகால் வருடமாகியும் இன்னும் வளைகிறது.

பேட்டரி முதலில் எட்டு மணி நேரம் நின்றது, இப்போது ஐந்து. ஒருநாள் மதியம் முழுக்க வெயிலில் மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் விட்டது என் தப்பு. மைக் இருக்கிறது, ஆனால் கிணற்றுக்குள் இருந்து பேசுகிறேன் என்று அம்மா திட்டுவதால் அழைப்புக்குக் கைப்பேசியைத்தான் காதில் வைக்கிறேன்.

பேட்டரி நான்கு மணி நேரத்துக்கு இறங்கினால் வேறு பெட்டி பார்க்க வேண்டும். அடுத்த தடவை இந்த ஒயரோடு, கண்ணாடியும் போட்டுக்கொண்டுதான் லோ யாட் போவேன்.