டெங்கு காலத்தில் பாராசிட்டமாலா, இபுபுரூஃபனா?

ரங்கூனில் மழை பிடித்தால் டெங்குவும் கூடவே வந்துவிடும். காய்ச்சல் என்றதும் தெருமுனை மருந்துக்கடையில் கலந்து கட்டிய பொட்டலத்தை வாங்கி விழுங்குகிறவர்கள் நம்மில் நிறைய. நர்சிங் படிக்கும் நம் பிள்ளைகள் முதலில் கேட்க வேண்டியது: "அக்கா, பொட்டலத்தில் என்ன மாத்திரை இருந்தது?"

பாராசிட்டமால், இபுபுரூஃபன் இரண்டுமே காய்ச்சலை இறக்கும். இபுபுரூஃபன் வீக்கத்தையும் அடக்கும். பல்வலிக்கும் மாதவிடாய் வலிக்கும் என் ஓட்டு அதற்குத்தான். ஆனால் அது ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் (பிளேட்லெட்) ஒன்றோடொன்று ஒட்டுவதைத் தடுக்கும், இரைப்பையின் உட்சுவரையும் அரிக்கும். டெங்குவில் தட்டணுக்கள் ஏற்கெனவே சரிந்திருக்கும். அப்புறம் ரத்தக்கசிவுக்குக் கேட்கவா வேண்டும்? டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை இபுபுரூஃபன், ஆஸ்பிரின் இரண்டையும் தொடாமல் இருப்பதே சரி.

பாராசிட்டமாலில் இந்தத் தொல்லை கிடையாது. அதற்காக அது மிட்டாய் இல்லை. அளவு மீறினால் ஈரலைக் கெடுக்கும், அதுவும் முதல் நாளில் பெரிதாக எதையும் காட்டாமல். குழந்தைக்கு எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி., 6 மணி நேர இடைவெளி, நாளுக்கு 4 வேளைக்கு மேல் கூடாது. சிரப்பில்தான் கோட்டை விடுகிறோம். 8 கிலோ குழந்தைக்கு 120 மி.கி. கொடுக்க வேண்டும் என்று வையுங்கள். 5 மி.லி.யில் 120 மி.கி. உள்ள புட்டியென்றால் 5 மி.லி.; 250 மி.கி. உள்ள புட்டியென்றால் 2.4 மி.லி.தான். லேபிளைப் படிக்காமல் ஸ்பூனை நீட்டினால் இரட்டை டோஸ். சளி மாத்திரை பலவற்றிலும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும், அதையும் கணக்கில் சேருங்கள்.