பி.ஆர். ஃபைலில் 'கேப்' இருக்கிறது என்று பயமுறுத்திப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்

கோபி, சத்தி, அந்தியூர்ப் பக்கம் பிள்ளைகளைக் கனடாவுக்கு அனுப்பிவிட்டு பி.ஆருக்காக, அதாவது அங்கே நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்காகக் காத்திருக்கும் வீடுகளுக்காக இதை எழுதுகிறேன். கோவையில் ஒரு வெளிநாட்டு ஆலோசனை அலுவலகத்தை நம்பினோம். இன்றைக்கு என் தம்பி கனடாவில் வேலையும் இல்லாமல், பி.ஆரும் கைக்கு வராமல் உட்கார்ந்திருக்கிறான்.

2019இல் அவனுடைய படிப்பு விசாவை அதே அலுவலகம்தான் பார்த்தது. ஒழுங்காகச் செய்தார்கள். அந்த நம்பிக்கையில்தான் திரும்பவும் போனோம். தம்பி ஒன்டாரியோவில் இரண்டு வருடம் படித்தான், படிப்பு முடித்தவர்களுக்குத் தரும் வேலை அனுமதியை மூன்று வருடத்துக்கு வாங்கினான், ஒரு லாஜிஸ்டிக்ஸ் கம்பெனியில் சூப்பர்வைசர் ஆனான். 2024 கடைசியில், பாயின்ட் பார்த்து பி.ஆருக்கு ஆள் எடுக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் அழைப்பு வந்தது. அழைப்பு வந்தால் 60 நாளைக்குள் விண்ணப்பம் போட்டாக வேண்டும். அவனுக்கு ஷிஃப்ட் வேலை. "அக்கா, நீயே அப்பாவைக் கூட்டிட்டுப் போய் முடிச்சுடு" என்றான். தை மாதம், மஞ்சள் வெட்டு நடந்துகொண்டிருந்தது. அப்பா ஆட்களை விட்டுவிட்டு என்னோடு கோவைக்குப் பஸ் ஏறினார்.

அங்கே மேனேஜர் தம்பியின் விவரங்களைப் பார்த்ததும் பேனாவால் ஒரு வட்டம் போட்டார். 2017இல் பி.இ. முடித்தவன், 2018 மார்ச்சில்தான் முதல் வேலைக்குச் சேர்ந்தான். நடுவில் எட்டு மாதம் வேலை இல்லை, அதுதான் 'கேப்'. அது எங்களுக்கு மறக்கக்கூடிய காலம் இல்லை. கவுந்தப்பாடி ரோட்டில் அப்பா வண்டியிலிருந்து விழுந்து காலில் பிளேட் வைத்தார்கள். தம்பிதான் வீட்டோடு இருந்து ஆஸ்பத்திரிக்கு அலைந்தான், வாய்க்கால் தண்ணீர் வந்த ராத்திரிகளில் மடை திருப்பினான்.

"சும்மா இருந்தான்னு காட்டினா ஃபைல் அங்கயே நின்னுரும் மேடம். திருப்பூர்ல தெரிஞ்ச கம்பெனி இருக்குது, எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் போட்டுத் தந்துடறோம். எல்லாருக்கும் செய்யறதுதான்" என்றார். அதற்கு அறுபதாயிரம், ரொக்கமாக. ரசீது கிடையாது. அப்பா என் முகத்தைப் பார்த்தார். "பையன் வாழ்க்கை கண்ணு, கொடுத்துரலாம்" என்றார். நானும் சரி என்றேன். அந்தச் சரியை நான் சொல்லியிருக்கக் கூடாது.

உண்மை என்ன என்பதை இப்போது தெளிவாகச் சொல்கிறேன். அந்த விண்ணப்பத்தில் கடந்த 10 ஆண்டுகளின் வரலாற்றை, எந்த மாதமும் விட்டுப்போகாமல் எழுதச் சொல்கிறார்கள். மாதம் விடுபடக் கூடாது என்றுதான் அர்த்தமே தவிர, வேலை இல்லாமல் இருந்திருக்கக் கூடாது என்று அர்த்தம் இல்லை. 'வேலையில் இல்லை' என்றோ, 'வீட்டு விவசாயத்துக்கு உதவியாக இருந்தேன்' என்றோ எழுதினால் போதும். அந்தப் பொய்க் கடிதத்தால் அவனுக்கு ஒரு பாயின்ட்கூடக் கூடவில்லை. ஆனால் பொய் என்று பிடிபட்டால், கனடாவின் குடியேற்றச் சட்டம் 40ஆம் பிரிவில் 5 வருடத் தடை. அந்த 5 வருடமும் பி.ஆருக்கு மனுப் போடவே முடியாது. இல்லாத ஆபத்துக்குப் பணம் வாங்கி, இருக்கிற ஆபத்தை அவர்களே உண்டாக்கிக் கொடுத்தார்கள்.

உண்மையில் கவனிக்க வேண்டிய தேதியைக் கோட்டை விட்டார்கள். தம்பியின் வேலை அனுமதி 2025 மார்ச் 19ஆம் தேதியோடு முடிந்தது. பி.ஆர். விண்ணப்பம் ஜனவரியிலேயே போய்விட்டது. "பி.ஆர். போட்டாச்சு, அக்நாலெட்ஜ்மென்ட் வந்தாச்சு, இனி அவர் பாட்டுக்கு வேலை செய்யலாம்" என்று மேனேஜர் போனில் என்னிடமே சொன்னார். அது சுத்தப் பொய். பி.ஆர். மனு நிலுவையில் இருப்பது மட்டும் வேலை செய்யும் உரிமையைத் தராது. அதற்குத் தனியாக 'பிரிட்ஜிங் ஓப்பன் வொர்க் பெர்மிட்' என்று ஒரு இடைக்கால வேலை அனுமதி இருக்கிறது. 255 கனடா டாலர் கட்டணம், நம் பணத்தில் பதினைந்தாயிரத்துக்குக் கொஞ்சம் மேலே. பழைய அனுமதி முடியும் முன்பே அதைப் போட்டிருந்தால், அந்த மனுவுக்கு முடிவு வரும்வரை அவன் சட்டப்படி வேலையைத் தொடர்ந்திருக்கலாம். அறுபதாயிரத்துக்குப் பொய்க் கடிதம் செய்யத் தெரிந்தவர்கள் இந்த ஒரு மனுவைப் போடவில்லை.

ஏப்ரல் கடைசியில் கம்பெனி எச்.ஆர். புது அனுமதியைக் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அனுமதி நீட்டிப்புக்கு மனுப் போட்டவர்களுக்கு அதற்கென்று ஒரு கடிதம் வரும், அதைக் காட்டினால் போதும் என்று எச்.ஆர். சொல்லியிருக்கிறார். நான் கோவைக்கு போன் போட்டால், பி.ஆர். ஒப்புகைச் சீட்டையே மூன்று தடவை வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். நான்காவது தடவை போனை எடுக்கவில்லை. தம்பி அன்றைக்கே வேலையை நிறுத்தினான். அதற்குள் ஐந்து வாரத்துக்கு மேல் அனுமதி இல்லாமல் வேலை செய்து முடித்திருந்தான், அவனுக்கே தெரியாமல்.

அப்புறம் கனடாவிலேயே லைசென்ஸ் உள்ள ஒரு ஆலோசகரைப் பிடித்தான். அவர் முதலில் கேட்டது, "உன் பி.ஆர். அக்கவுன்ட் பாஸ்வேர்டு எங்கே?" என்று. அவனிடம் இல்லை. இமெயிலைத் தொடங்கியது கோவை அலுவலகம், பாஸ்வேர்டும் அவர்களிடமே. பிரதிநிதி வைத்தால் கொடுக்க வேண்டிய ஐ.எம்.எம். 5476 படிவமும் ஃபைலில் கிடையாது. அதாவது தம்பியே உட்கார்ந்து எல்லாவற்றையும் நிரப்பினான் என்றுதான் கனடா அரசுக்குத் தெரியும்.

நான் நேரில் போய் நின்று, சத்தம் போட்டு, பாஸ்வேர்டை வாங்கினேன். அன்றைக்கு ராத்திரிதான் அந்தத் திருப்பூர்க் கடிதத்தை முதன்முதலாகப் பார்த்தேன். ஊதா முத்திரை, 'புரொடக்‌ஷன் சூப்பர்வைசர்' என்ற பதவி, கீழே ஒரு மொபைல் நம்பர். எங்கோ பார்த்த நம்பராக இருந்தது. என் போனில் போட்டுப் பார்த்தேன். ஃபீஸ் பாக்கிக்காக அந்த ஆபீஸிலிருந்து என்னைக் கூப்பிடும் பெண்ணின் நம்பர். கை நடுங்கிவிட்டது. கனடாவிலிருந்து சரிபார்க்கக் கூப்பிட்டால் அந்தப் பெண் எடுத்து 'ஆமாம்' என்று சொல்வதாக ஏற்பாடு.

அனுமதி முடிந்த 90 நாளைக்குள், அங்கே சட்டப்படி தங்கும் அந்தஸ்தைத் திரும்பக் கேட்டு மனுப் போடலாம் என்று ஒரு வழி இருக்கிறது. மே மாதம் அதையும் பிரிட்ஜிங் பெர்மிட்டையும் சேர்த்துப் போட்டான். அது முடியும்வரை வேலை செய்யக் கூடாது. திருப்பூர்க் கடிதம் பொய் என்று நாங்களே முந்திக்கொண்டு எழுதிக் கொடுத்தோம். அப்பாவின் டிஸ்சார்ஜ் சம்மரியையும் சிட்டா நகலையும் இணைத்தோம். விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது, பதில் போயிருக்கிறது. முடிவு இன்னும் வரவில்லை. வாடகைக்கு நாங்கள் இங்கிருந்து அனுப்புகிறோம். மஞ்சள் விற்ற பணம் அதில்தான் போகிறது.

உங்கள் வீட்டுப் பிள்ளையின் ஃபைலும் இப்படி யார் கையிலாவது இருந்தால் இன்றைக்கே பாஸ்வேர்டை வாங்கி, அனுப்பிய ஒவ்வொரு காகிதத்தையும் திறந்து பாருங்கள். வேலை அனுமதி முடியும் தேதியைக் காலண்டரில் எழுதி வையுங்கள், நீட்டிப்பு மனுவின் ரசீதைக் கண்ணால் பாருங்கள். காசு வாங்கிக்கொண்டு கனடா ஃபைல் பார்க்க ஆர்.சி.ஐ.சி. லைசென்ஸ் உள்ள குடியேற்ற ஆலோசகரோ, கனடா வக்கீல் போல அங்கே சட்டப்படி அனுமதி பெற்றவரோதான் முடியும். லைசென்ஸ் நம்பரைக் கேட்டு, லைசென்ஸ் தரும் அமைப்பின் பொதுப் பட்டியலில் நீங்களே தேடிப் பாருங்கள். நாங்கள் ஆறு வருடத்தில் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

கோவை மாநகர காவல் ஆணையர் அலுவலகத்தில் மனுக் கொடுத்திருக்கிறோம். ரொக்கமாகக் கொடுத்ததற்கு என்ன சாட்சி என்று கேட்டார்கள். அன்றைக்குக் காலையில் கோபியில் அப்பா பேங்கில் எடுத்த அறுபதாயிரத்தின் பாஸ்புக் வரியும், "அமவுன்ட் ரிசீவ்டு மேடம்" என்று அந்தப் பெண் அனுப்பிய ஒரு வாட்ஸ்அப் செய்தியும்தான் எங்களிடம் இருக்கின்றன. உங்களிடமும் அப்படி ஏதாவது இருந்தால் அழித்துவிடாதீர்கள்.